அராலிக்குக் கிண்டிய களி

நல்வோகா வண்டியை விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினால் எனக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக இறங்கினாள். நான் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

“அட்யேரி அக்கா! சூப்பரா ஒரு யோசனை வந்திருக்கு. அந்தக் குட்டிக்கு எம்பாகோ வைக்கப்போறோம்.”

“எந்தக் குட்டிக்கு?”

“ஓடைக்கரைக் காட்டுல புதுசாப் பொறந்திருக்கே, சிம்பன்ஸிக் குட்டி. அதுக்குத்தான்.”

“வெயில்ல வந்தது ஒத்துக்கலையா உனக்கு? தண்ணி குடிக்கிறியா?” என்றேன்.

அவள் கம்பாலாவில் பிறந்து வளர்ந்தவள், சிம்பன்ஸிப் பாதுகாப்புத் திட்டத்தில் வேலை பார்க்க இங்கே வந்தவள். அவர்கள் பக்கம் இந்த வழக்கமே கிடையாது. எங்கள் பன்யோரோ வீடுகளில் ஒரு ஆளை அவன் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போலீஸ்காரன் கூப்பிடுவது மாதிரி. வீட்டில், கடையில், கிணற்றடியில் எல்லாம் எம்பாகோ என்கிற செல்லப் பேர்தான். மொத்தமே ஒரு டஜன் பேர் இருக்கும், அதில் ஒன்றைக் குழந்தையிலேயே வைத்துவிடுவோம். அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொள்வாள். யார் சாடை என்று சொந்தக்காரர்கள் சண்டை போடுவார்கள். அப்புறம் ஒருவர் வாயிலிருந்து பேர் வரும். கேழ்வரகுக் களி கிண்டி எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். அந்தக் களியைத் தின்றவன் அந்தக் குழந்தையை எந்தக் காலத்திலும் வாசலோடு திருப்பி அனுப்ப முடியாது. எம்பாகோ சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எவ்வளவு கோபம் இருந்தாலும் குரலைத் தாழ்த்தியாக வேண்டும். என் சொந்தப் பேர் ந்யாகயிசிகி. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு நான் அட்யேரி.

அதைக் கொண்டுபோய்க் குரங்குக்கு வைப்பதாம்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. வெளிநாட்டுல இருந்து நம்ம திட்டத்துக்கு உதவுறவங்க வர்றாங்க. டிவி வருது. குட்டிக்கு ஊர் முறைப்படி பேர் வச்சா ஜனங்களுக்கு அது மேல ஒரு பாசம் வரும்ல? நீங்கதான் அத்தையா உட்காரணும். உங்களை விட்டா யாரு?”

அதுதான் விஷயம். என்னை விட்டால் யாரும் இல்லை. சிம்பன்ஸிப் பாதுகாப்புத் திட்டக்காரர்கள் ஊர் ஊராக என்னைக் கூட்டிப்போய் மைக்கைக் கையில் கொடுப்பதே என் மகளின் கைக்காகத்தான்.

கெமிகிசாவுக்கு அப்போது நாலு வயது. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். ஒரு பெரிய ஆண் சிம்பன்ஸி வந்து பழத்தைப் பிடுங்கியது. என் மகள் பிடிவாதக்காரி, விடவில்லை. நான் அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டே வந்தாள், டாக்டர் வந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அவள் இடது கையில் இப்போது இரண்டு விரல்கள்தான்.

எல்லாரும் என்னைச் சிம்பன்ஸிப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வருஷம் முழுவதும் அதுகளை ஒன்றுவிடாமல் கொளுத்த வேண்டும் என்றுதான் படுத்தேன், எழுந்தேன். ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எங்கள் மேட்டிலிருந்து மாதாகோயில் குன்று வரைக்கும் காடு. அதுகள் பாட்டுக்கு உள்ளே அத்திப்பழம் தின்றன, நாங்கள் பாட்டுக்கு வெளியே பீன்ஸ் போட்டோம். அப்புறம் ஊர்த் தலைவர் ருவாஹ்விரே மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு ஆலைக்குக் கரும்பு போட்டார். மிச்சம் இருந்தது எங்கள் கிணற்றுப் பாதையை ஒட்டின ஓடைக்கரைக் காடு ஒன்றுதான். அதுவும் அவர் நிலம்தான். அதில் அத்தி இருக்கும்வரை சிம்பன்ஸிகள் அதற்குள்ளேயே கிடக்கும். அது போனால் நேரே என் பலாமரத்துக்குத்தான் வரும். என் மகளுக்கு மிச்சமிருக்கிற ஏழு விரலுக்காகத்தான் நான் ஊர் ஊராகப் போய் “காட்டை விட்டு வைங்க, கல்லெறியாதீங்க” என்று கத்தினேன். வேறு ஒரு புண்ணியமும் இல்லை.

“தலைவர் வர்றாரா?” என்று நல்வோகாவிடம் கேட்டேன்.

“அவர்தான் சிறப்பு விருந்தினர்.”

“அப்போ நான் உட்காருறேன். களியும் நானே கிண்டுறேன்.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. நான் பானையைக் கழுவும்போதே பகோன்சா பக்கத்தில் வந்து நின்றார்.

“நீ அந்த ஆளைக் களியால கட்டிப்போடப் பாக்குறே.”

“ஆமா, அபூலி. தப்பா?” என்றேன், அவர் எம்பாகோவைச் சொல்லி.

“தப்பு ரைட்டு இருக்கட்டும். அவர் சாப்பிடுவார்னு நினைக்கிறியா? அவருக்கும் இந்த ஊர் முறை தெரியும்டி.”

“டிவிக்காரன் முன்னாடி எப்படி மாட்டேன்பார்? அவருக்கு அடுத்த தேர்தல் வருது.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஆனால் காளான் வாங்கி வந்தது அவர்தான். நல்ல காளான், புகை போட்டது.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். காலில் சலங்கை கட்டின பையன்கள் ஆடின ஆட்டத்தில் மேடை வரைக்கும் புழுதி. கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று, தாய் முதுகில் குட்டி உட்கார்ந்திருக்கிற படம். அதை மரப்பட்டைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். கனம் என்றால் அப்படிக் கனம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா?

“அட்யேரி, பிள்ளை பால் குடிக்கிறானா?”

“ராத்திரி அழறானா?”

“துணியை விலக்குடி, யார் சாடைன்னு பாக்கலாம்!”

விலக்கிக் காட்டினேன். பின்னாலிருந்து ஒருத்தி, “ஐயோ, அப்படியே தலைவர் சாடை!” என்றாள். மைதானமே குலுங்கிச் சிரித்தது. எனக்குப் பயம்தான், கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாரோ என்று. அந்த மனிதர் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

“ஆமா, என் சாடைதான்! சின்ன வயசுல எனக்கும் இதே காது. எங்கம்மாவைக் கேளுங்க!”

அப்படிப் பேசுவதால்தான் அவருக்கு ஓட்டு விழுகிறது. ஆள் பொல்லாதவர் என்று சொல்லவும் முடியாது. கெமிகிசாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய வண்டியில்தான்.

பேரும் அவரே சொன்னார். படத்தின் மேல் கையை வைத்து, “அராலி” என்றார். கூட்டம் திருப்பிச் சொன்னது: “அராலி! அராலி!” வெளிநாட்டுக்காரர்களும் வாய்க்கு வந்தபடி சொன்னார்கள்.

நான் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். களியில் ஆவி பறந்தது. அதைத் தலைவர் முன்னால் நீட்டினேன். அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார், களியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். அப்புறம் ஒரு பெரிய உருண்டையாகக் கிள்ளி, காளான் குழம்பில் தோய்த்து வாயில் போட்டு, விரலை நக்கினார்.

நான் மைக்கைப் பிடுங்கி, தலைவரின் எம்பாகோவைச் சொல்லியே பேசினேன்.

“எல்லாரும் பாத்தீங்களா? அமோட்டி களி சாப்பிட்டாச்சு! இனிமே அராலி அவர் வீட்டுப் பிள்ளை. பிள்ளைக்கு இருக்க இடம் வேணும்ல? அமோட்டி, அந்த ஓடைக்கரைக் காடு அராலிக்குன்னு இப்பவே சொல்லுங்க. ஊர் கேக்கட்டும்!”

நல்வோகாவின் முகம் வெளுத்துவிட்டது. தலைவர் என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். கையை மேலே தூக்கினார்.

“கொடுத்தேன்! ஓடைக்கரை அராலிக்கு!”

முரசு முழங்கியது. பெண்கள் எழுந்து நின்று குலவையிட்டார்கள். நான் அழுதேன். அந்தக் கண்ணாடிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கம் மானம் இல்லாமல் அத்தனை பேர் முன்னால் அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் கெமிகிசாவிடம், “இனிமே உன் பலாமரத்துக்கு யாரும் வரமாட்டாங்க” என்றேன்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வாழைத் தோட்டத்தில் நிற்கிறேன், ஓடைப் பக்கமிருந்து இயந்திர ரம்பம் கத்துகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெரிய அத்தி ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து நாலு பேர் டீ குடிக்கிறார்கள்.

“யாருடா வெட்டச் சொன்னது?”

“தலைவர்தான் அம்மா. கரும்பு போடணுமாம்.”

கையில் இருந்த களைக்கொத்தோடு அப்படியே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் காலைச் சாப்பாட்டில் இருந்தார், வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும்.

“என்ன வேலை பண்றீங்க நீங்க? அது அராலிக்குக் குடுத்த இடம்! ஊரே கேக்கக் குடுத்தீங்க!”

“அட்யேரி” என்றார். அவ்வளவுதான். மெதுவாக, அன்பாக, ஒரே ஒரு தரம்.

என் குரல் தானாக இறங்கியது. இந்த ஊர் முறை மேல் எனக்கு வாழ்நாளில் வந்த கோபத்தில் அதுதான் பெரிய கோபம்.

“உட்காரு. கொத்தைக் கீழ வை. சாப்பிடுறியா?”

“வேண்டாம். நீங்க களி சாப்பிட்டீங்க, அமோட்டி.”

“சாப்பிட்டேன். நல்லா இருந்தது. களி நிஜம்தான், குழந்தை எங்க? கண்ணாடி போட்ட படம். நீ அத்தையா நடிச்சே, நான் அப்பனா நடிச்சேன். ஜனங்க கை தட்டினாங்க. நாடகம் முடிஞ்சப்புறமும் நீ வேஷத்தைக் கலைக்காம உட்கார்ந்திருந்தா நான் என்ன பண்றது?”

“நான் நடிக்கல.”

“குரங்குக்கு எம்பாகோ வைக்க முடியும்னு நீ நம்பினியா? உன் பொண்ணு மேல சத்தியமாச் சொல்லு.”

நான் கொத்தைக் கீழே வைத்தேன்.

“பாத்தியா? உனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் முறையைக் கொண்டுவந்து எனக்குக் கண்ணி வச்சே. நான் கோவிச்சுக்கல. நீ கெட்டிக்காரி. ஆனா நான் உன்னை விட வயசுல மூத்தவன்.”

“என் பொண்ணு அந்த வழியாத்தான் தண்ணிக்குப் போறா. அதுங்களுக்குத் திங்க ஒண்ணும் இல்லேன்னா...”

“அதுக்குத்தான் சொல்றேன், உன் பலாமரத்தை வெட்டிடு. ஆள் வேணும்னா அனுப்புறேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

நல்வோகாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவளுக்கு எம்பாகோ கிடையாது, என் எம்பாகோவைச் சொல்லி என்னை அடக்கவும் அவளுக்குத் தெரியாது, அதனால் ஆசை தீரக் கத்தினேன். அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள்.

“அவரோட நிலம் அக்கா. நாம சண்டைக்குப் போனா அப்புறம் இந்த வட்டாரத்துலயே நம்மள நுழைய விடமாட்டாங்க. நல்லதைப் பாருங்க. விழிப்புணர்வு எவ்வளவு பரவியிருக்கு! எந்த ஊர்ல போய்க் கேட்டாலும் சின்னப் பசங்களுக்குக்கூட அராலி பேர் தெரியுது.”

“பேர் தெரியுது. அது சாயங்காலம் எதைத் திங்கும்னு எவனுக்காவது தெரியுதா?”

அவள் போனை வைத்துவிட்டாள். பாவம், அவளும் சம்பளக்காரி.

பலாமரத்தை நாங்களே வெட்டினோம். பகோன்சா வெட்டினார், கெமிகிசா உள்ளே உட்கார்ந்து அழுதாள். அப்படியும் வந்தன. குப்பைக்குழியைக் கிளறின, வாழையை ஒடித்து உள்தண்டைத் தின்றன. கெமிகிசாவை நான் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கவண்கல் வீசினார்கள். வீசும்போது, “அராலி! வாங்க அராலி, சௌக்கியமா?” என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் வீசினார்கள். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. போன வருஷம் நான் போய்ப் பேசினபோது மண்டையை ஆட்டிக் கேட்டவர்கள்தான் இவர்கள்.

என் வீட்டில் ஒன்றும் கிடைக்காமல் தாயும் குட்டியும் தலைவரின் கரும்புக்குள் போய்விட்டன. அங்கே காவலுக்கு நாய்கள் இருந்தன. பகோன்சாதான் செய்தி கொண்டுவந்தார்.

“தாயை நாய்ங்க குதறிடுச்சு. குட்டி உயிரோட இருக்கு. கோழிக்கூண்டுல போட்டு வச்சிருக்கார். அவரே திட்டக்காரங்களுக்குப் போன் பண்ணிட்டாராம்.”

நல்வோகா என்னைக் கூட்டிப்போக வந்தாள். நான் போகமாட்டேன் என்றேன். “குட்டி யார்கிட்டயும் வரமாட்டேங்குது அக்கா, கத்திக்கிட்டே இருக்கு. தண்ணிகூடக் குடிக்கல” என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. போனேன்.

தலைவர் வீட்டு முற்றத்தில் திருவிழாக் கூட்டம். டிவிக்காரன் வந்திருந்தான். கூண்டைத் திறந்து நான் கையை உள்ளே விட்டேன். அது என் விரலைப் பிடித்தது. பிடித்த பிடியில் அப்படியே கை வழியாக ஏறி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதன் உடம்பெல்லாம் நடுக்கம். தோளில் அதன் தாயின் ரத்தம் காய்ந்திருந்தது. என் மகளின் விரலைத் தின்ற இனம் என்று என்னை நானே உசுப்பிப் பார்த்தேன், ஒரு கோபமும் வரவில்லை. அழுகைதான் வந்தது. கண்ணாடிப் படத்தில் பார்த்த முகம் இப்போது என் காதுக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தலைவர் கேமராவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். “சொன்ன சொல் தவறமாட்டேன். அராலி என் வீட்டுப் பிள்ளைன்னு ஊர் முன்னாடி சொன்னேன். இன்னைக்கு உயிரோட ஒப்படைக்கிறேன்” என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

“உங்க பிள்ளைதானே? பிடிங்க! நீங்களே வளருங்க!”

அதன் கைகளை என் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து அவர் மடியில் போட்டேன். கடித்துக் குதறட்டும் என்றுதான் போட்டேன், பொய் சொல்லமாட்டேன். அவரும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

அது கடிக்கவில்லை. தாயைப் பறிகொடுத்த குட்டிக்கு யார் கழுத்தாக இருந்தால் என்ன? இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக் கண்ணை மூடியது. அவர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் மெதுவாக அதன் முதுகில் கையை வைத்தார். முற்றம் முழுக்கக் கைதட்டல். நல்வோகா கண்ணைத் துடைத்தாள். டிவிக்காரன் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்துத் தள்ளினான்.

குட்டியை ஏரித் தீவில் இருக்கும் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம், அது வரைக்கும் நிம்மதி. இங்கே ஓடைக்கரையில் கரும்பு இடுப்பளவு வளர்ந்துவிட்டது. மற்ற சிம்பன்ஸிகள் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கின்றன, இளைத்துப்போய், பயமே இல்லாமல். நான் எந்த ஊருக்கும் பேசப் போவதில்லை. கெமிகிசாவைக் காலையில் பள்ளிக்குக் கொண்டுவிட்டு, மாலையில் நானே போய் அழைத்து வருகிறேன். கையில் தடி இல்லாமல் அந்த வழியில் நான் நடப்பதில்லை.

போன வாரம் சற்று முன்னதாகவே போய்விட்டேன். ஜன்னல் ஓரம் நின்றேன். வகுப்புச் சுவரில் திட்டக்காரர்கள் கொடுத்த புதுச் சுவரொட்டி: அந்த நாற்காலி, அந்த நெஞ்சு, கண்ணை மூடின அந்த முகம். புதிதாக வந்திருந்த டீச்சர் குச்சியால் அதைத் தொட்டு, “இது யாரு, சொல்லுங்க பாக்கலாம்?” என்று கேட்டாள்.

“அராலியும் அவங்க அப்பாவும்!” என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். என் மகளும் சேர்ந்துதான் கத்தினாள்.